மாணவராகவே வாழ்ந்த மாமுனிவர்

இத்தாலி நாட்டின் வடபகுதியில், மாந்துவா நகரத்தை அடுத்து, காஸ்திலியோனே என்றோர் ஊர் இருக்கிறது. மாணவர்களின் பாதுகாவலராகிய புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊர் அது என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். அதே ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இன்னொரு குழந்தை பிறந்தது. பெற்றோர் அதற்கு இட்ட பெயர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. பிற்காலத்தில் தமிழ் மக்கள் அவருக்கு இட்ட பெயர்தான் நமக்குத் தெரிந்த பெயர்: வீரமாமுனிவர்.

வீரமாமுனிவரைப் பற்றிப் பள்ளி மலர்களில் யாராவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார், எழுத்தைச் சீர்திருத்தினார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறார்கள். தேர்வுக்கு அது போதும். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இந்த ஆண்டு அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகப் படித்தோம். படிக்கப் படிக்க எங்களுக்குத் தோன்றியது, இவர் ஒரு பெரிய ஆசிரியர் என்பதைவிட ஒரு பெரிய மாணவர் என்பதுதான். அந்த மாணவரைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

சேசு சபையாரின் பள்ளியில் கல்வி கற்ற பெஸ்கி 1698ஆம் ஆண்டில் அச்சபையிலேயே சேர்ந்தார். 1709இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டே கப்பலேறிக் கோவாவில் வந்து இறங்கினார். அங்கிருந்து தெற்கே வந்து 1711இல் மதுரை மிஷனில் பணியைத் தொடங்கினார். தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த தெ நொபிலி அடிகள் 1606இல் வந்து சேர்ந்த மிஷன் அது. ஓரியூரில் 1693இல் இரத்தம் சிந்திய அருளானந்தர் உழைத்த மிஷனும் அதுவே. அப்படிப்பட்டவர்கள் நடந்த மண்ணில் கால் வைத்தபோது பெஸ்கி அடிகளுக்கு வயது முப்பது. தாய்மொழியாகிய இத்தாலியமும், கற்ற மொழிகளாகிய இலத்தீன், கிரேக்கம் முதலியனவும் அவருக்குத் தெரியும். ஆனால், தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்கு அவையெல்லாம் காமநாயக்கன்பட்டியில் எதற்கு உதவும்? முப்பது வயதில் அ, ஆ என்று தொடங்க வேண்டியதாயிற்று.

நாங்கள் ஆறாம் வகுப்பில் ஆங்கில எழுத்துகளோடு பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதுவும் பத்து, பதினொரு வயதில். முப்பது வயதில், கற்றறிந்த ஒரு குருவானவர், பேச்சிலும் எழுத்திலும் சிறு பிள்ளையைப்போல் மீண்டும் தடுமாறச் சம்மதிப்பது எளிய காரியமன்று. அவருக்கு இலக்கண இலக்கியங்களைக் கற்பித்தவர் மதுரைச் சுப்பிரதீபக் கவிராயர் என்று சொல்லப்படுகிறது. கவிராயர் வேறு சமயத்தவர். எனினும் ஆசிரியர் ஆசிரியர்தானே! தைரியநாதர் என்று தம் பெயரை மாற்றிக்கொண்ட அடிகள், உடையிலும் உணவிலும் தமிழ்நாட்டுத் துறவியரைப் பின்பற்றி, தமிழ் நூல்களை ஒவ்வொன்றாகக் கற்றார்.

இங்கே ஒரு செய்தியை நின்று சொல்ல வேண்டும். நம் பாடநூல்கள் இதை ஒரே வரியில் கடந்து போகின்றன. வீரமாமுனிவர் ஒரு தமிழைக் கற்கவில்லை. இரண்டு தமிழைக் கற்றார். ஏட்டிலே புலவர்கள் எழுதும் தமிழ் ஒன்று. தெருவிலும் வயலிலும் வீட்டிலும் மக்கள் பேசும் தமிழ் ஒன்று. முன்னதைச் செந்தமிழ் என்றும் பின்னதைக் கொடுந்தமிழ் என்றும் சொன்னார்கள். கொடு என்றால் இங்கே கொடுமை அன்று. வளைந்தது என்பது பொருள். செவ்வையாக நிற்பது செந்தமிழ், வாய்க்கு வாய் வளைந்து வருவது கொடுந்தமிழ். புலவர்கள் இலக்கணம் எழுதியதெல்லாம் செந்தமிழுக்கே. வீரமாமுனிவரோ 1728இல் கொடுந்தமிழுக்கு என்றே தனியாக ஓர் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். அதன் பிறகு 1730இல் செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் குருக்கள் முதலில் மக்களோடு பேச வேண்டும், பிறகு புலவர்களோடு பேச வேண்டும் என்பதே அவர் கருத்து என்று நாங்கள் புரிந்துகொண்டோம். பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதியதில் இவர் முதல்வர் அல்லர். 16ஆம் நூற்றாண்டிலேயே முத்துக்குளித் துறையில் உழைத்த அண்ட்ரிக் அடிகள் அந்த வழியைத் தொடங்கிவிட்டார். ஆயினும் இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்து, இரண்டுக்கும் சமமாக உழைத்தவர் வீரமாமுனிவர்.

இது எங்களுக்கு ஏன் பெரிதாகப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறோம். எங்களில் பலர் கல்வராயன் மலையின் சிற்றூர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். எங்கள் வீட்டுப் பேச்சு கள்ளக்குறிச்சிப் பேச்சைப்போல் இராது. சென்ற ஆண்டு மலைக்குக் கீழே நடந்த ஒரு பேச்சுப் போட்டியில் எங்கள் தோழி ஒருத்தி பேசும்போது வீட்டுச் சொல் ஒன்று இயல்பாக வந்தது. அரங்கில் பலர் சிரித்தார்கள். அவள் பேச்சை முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். ஆனால் வெள்ளிமலைக்குத் திரும்பி வரும்வரை பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது வழக்கமாகப் பாடிக்கொண்டு வரும் நாங்களும் அன்று பாடவில்லை. இருநூற்றைம்பது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கடல் கடந்து வந்து, வீட்டுப் பேச்சின் எதிரே மாணவராக உட்கார்ந்து, அதற்கும் விதி இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது என்று கண்டு எழுதினார் என்பதைத் தமிழம்மா இந்த ஆண்டு வகுப்பில் சொன்னபோது அந்தத் தோழிதான் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தக் கொடுந்தமிழ் இலக்கணம் அச்சான கதையும் சுவையானது. தரங்கம்பாடியில் 1706 முதல் லுத்தரன் சபையார் பணியாற்றி வந்தார்கள். அவர்களுக்கும் வீரமாமுனிவருக்கும் சமயக் கருத்துகளில் கடும் விவாதம் நடந்தது; அவர்களை மறுத்து அடிகள் தமிழிலேயே நூல்கள் எழுதினார். அப்படியிருந்தும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது எங்கே தெரியுமா? அதே தரங்கம்பாடி அச்சகத்தில்! வாதத்தில் விட்டுக்கொடுக்காதவர்கள் தமிழ் கற்பதில் அவரையே ஆசிரியராக ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்து, எழுத்துச் சீர்திருத்தம். இதனைத் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாகவே நாங்கள் அறிந்திருந்தோம். பழங்காலத்தில் எ, ஒ என்னும் குறில்களுக்குத் தலையில் புள்ளி வைப்பது வழக்கம். நெடிலுக்குப் புள்ளி கிடையாது. பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பதால் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே இருக்கும். எரியும் ஏரியும் ஒன்று, கொடியும் கோடியும் ஒன்று, மழை பெய்யும் பெய்யும் புளியமரத்துப் பேயும் ஒன்று! இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். தமிழ் தெரிந்த புலவருக்கு இது பெரிய துன்பமாக இருந்திராது. புதிதாகக் கற்பவருக்கோ ஒவ்வொரு சொல்லும் ஒரு பள்ளம். வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் தந்தார். எகரத்தின் காலைக் கீழே இழுத்து ஏ ஆக்கினார். ஒகரத்தின் கீழே சுழித்து ஓ ஆக்கினார். ஒற்றைக் கொம்பை மேலும் சுழித்து இரட்டைச் சுழிக் கொம்பு ஆக்கினார். கற்றுக் கரை கண்டவர்களின் கண்ணுக்குப் புலப்படாத தொல்லை, கற்றுக்கொண்டிருந்தவரின் கண்ணுக்குப் புலப்பட்டது என்றால் மிகையாகாது. இன்று இந்த மலரில் உள்ள ஒவ்வொரு ஏகாரமும் ஓகாரமும் அவர் காட்டிய வழியில்தான் அச்சாகின்றன.

அகராதிக் கதை இன்னும் நீளமானது. சொற்பொருள் அறிய அக்காலத்தில் நிகண்டுகள் இருந்தன. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று பல. அவையெல்லாம் செய்யுள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்வார்கள். மனப்பாடம் செய்தவனுக்கு நிகண்டு கைவிளக்கு. செய்யாதவனுக்கு அது பூட்டிய பெட்டி. ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால் எந்தத் தொகுதியில், எந்தப் பாட்டில் என்று எங்கே போய்த் தேடுவது? முதலெழுத்தை மட்டும் வரிசைப்படுத்திய நிகண்டு முன்பே ஒன்று உண்டு. தமிழ்ச் சொற்களுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் பொருள் கூறிய புரோயென்சா அடிகளின் அகராதியும் 1679இல் அம்பழக்காட்டில் அச்சாகியிருந்தது. வீரமாமுனிவர் 1732இல் தமிழுக்குத் தமிழிலேயே பொருள் கூறும் சதுரகராதியைத் தொகுத்தார். சதுர் என்றால் நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகள் அதில் உண்டு.

அந்த நான்கையும் விளங்கிக்கொள்ள எங்கள் வகுப்பில் நான்கு குழுவாகப் பிரிந்து ஒரு விளையாட்டு ஆடினோம். முதற்குழு பெயரகராதி: மா என்ற ஒரே சொல்லுக்கு மாமரம், குதிரை, விலங்கு, பெரியது என்று பொருள்களை அடுக்கியது. இரண்டாம் குழு பொருளகராதி: மலை என்ற ஒரே பொருளுக்கு வரை, வெற்பு, பொருப்பு, சிலம்பு, குன்று என்று பெயர்களை அடுக்கியது. (மலையிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் மலைக்கு இத்தனை பெயர்கள் உண்டென்று அன்றுதான் அறிந்தோம்!) மூன்றாம் குழு தொகையகராதி: முக்கனி, நானிலம், ஐம்பூதம், அறுசுவை எனத் தொகைகளைச் சொல்லியது. நான்காம் குழு தொடையகராதி: மலை, தலை, அலை, வலை, கலை என்று எதுகைச் சொற்களைப் பொழிந்து தள்ளியது. செய்யுள் எழுத விரும்புவோருக்கு உதவும் பகுதி அது. வென்றது நான்காம் குழுதான். ஆனால் அதிகச் சத்தம் போட்டதும் அதுவே என்று பக்கத்து வகுப்பு ஆசிரியை கருதுகிறார்.

வீரமாமுனிவர் நெடுங்காலம் தங்கியிருந்தது கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியிலுள்ள ஏலாக்குறிச்சியில். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்கே எழுந்தருளியுள்ள அடைக்கல மாதாவின் பேரில் கலம்பகம் பாடினார். குருவானவர் வர முடியாத ஊர்களில் மக்களுக்கு மறையறிவு புகட்டிய வேதியர்களுக்கு அவரே தமிழ் கற்பித்தார். அவர்களுக்காக 1727இல் வேதியர் ஒழுக்கம் என்னும் நூலை உரைநடையில் எழுதினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணங்களையும் சுருக்கித் தொன்னூல் விளக்கம் செய்தார். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட தேம்பாவணி 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அ, ஆ எழுதத் தொடங்கிய பதினைந்து ஆண்டுகளுக்குள், 1726இல், அதனைப் பாடி முடித்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். இவற்றைப் பற்றிப் பலர் எழுதியிருப்பதால் நாங்கள் விரிக்கவில்லை.

விரிக்க விரும்புவது பரமார்த்த குருவின் கதையை! இந்த ஆண்டு பள்ளி விழாவில் நாங்கள் நடித்தது அதுதான். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். அவர்களுக்கு ஏற்ற ஒரு குரு. ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கிறார்கள். கட்டை சீறுகிறது, ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சி ஓடுகிறார்கள். பிறகு அணைந்த கட்டையைத் தோய்க்கிறார்கள். சீற்றம் இல்லை, ஆறு தூங்கிவிட்டது என்று கடக்கிறார்கள். கரையேறி எண்ணினால் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஆறு பேர் ஐவராகிவிட, காணாமற்போனவனுக்காக எல்லாரும் அழுகிறார்கள். இன்னொரு கதையில் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். எங்கள் நாடகத்தில் பூசணிக்காய் பள்ளித் தோட்டத்தில் விளைந்தது. ஒத்திகையில் இரண்டு உடைந்து, மறுநாள் விடுதியில் சாம்பாராக வந்தன.

சிறு குழந்தைகள் சிரிப்பதற்காகவே எழுதிய கதை என்று நினைத்திருந்தோம். அப்படி மட்டுமன்று. மக்கள் பேசும் தமிழை வெளிநாட்டவர் படித்துப் பழகுவதற்கும் உதவுமாறு உரைநடையில் எழுதியது அது. பாட்டுக்கே மதிப்பிருந்த காலத்தில், காப்பியம் பாடிய அதே கை, சந்தையிலும் சத்திரத்திலும் பேசும் பேச்சில் கதை எழுதிற்று. பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1822இல் இலண்டனில் அதனைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து அச்சிட்டார். எங்கள் மேடையிலும் சீடர்கள் மலைப் பேச்சிலேயே பேசட்டும் என்று தமிழம்மா சொல்லிவிட்டார். மூடனாக நடித்தவள், பேருந்தில் பேசாமல் வந்த அதே தோழி. கீழேயிருந்து வந்திருந்த விருந்தினர்களும் சிரித்தார்கள். எங்கள் பெற்றோரும் சிரித்தார்கள். இம்முறை எல்லாரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள்.

நமக்கு அருகிலும் அவருடைய சுவடு உண்டு. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயிலை எழுப்பியவர் அவரே. முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர் அதற்கு உதவினார் என்பது மரபு. அங்கே தமிழ்ப் பெண்ணைப்போலச் சேலை உடுத்த மாதாவை நம் பெற்றோர் பலர் தரிசித்திருப்பார்கள். இவ்வளவு பெரிய மனிதரைச் சுற்றிக் கதைகளும் வளரத்தானே செய்யும்? சந்தா சாகிபைக் காண்பதற்காகச் சில மாதங்களில் அவர் மொழியைக் கற்றார், அவரிடம் திவானாகவே இருந்தார் என்றெல்லாம் சொல்வதுண்டு. ஆராய்ச்சியாளர் பலர் திவான் கதையை ஒப்புவதில்லை. எங்களுக்கும் அது தேவையாகத் தோன்றவில்லை. ஓலையும் எழுத்தாணியுமாக இருக்கும் முனிவரே எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

அவர் இறந்த ஆண்டைக் குறித்தும் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. 1742இல் மணப்பாட்டில் இறந்தார் என்று பழைய நூல்கள் எழுதின. 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், இன்றைய கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்திலுள்ள அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார் என்பதே இப்போது பெரிதும் ஏற்கப்படுகிறது. எங்கள் விடுதிச் சிஸ்டர் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர். அவர் மலைக்கு வந்த புதிதில், சமையற்கட்டில் வேலை செய்யும் பாட்டியிடம்தான் எங்கள் ஊர்ப் பேச்சைக் கற்றார். இன்று பாட்டி வேகமாகச் சொல்லும் சொற்கள் சில எங்களுக்கே விளங்காதபோது சிஸ்டர்தான் விளக்குகிறார்.

சதுரகராதி ஆசிரியர் காலத்தில் அச்சாகவில்லை. ஏட்டுச் சுவடியாகவே கைமாறி வந்து, 1824இல்தான் சென்னையில் முழுமையாக அச்சேறியது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். நாங்கள் சிலை வைக்கவில்லை. நானூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, மலை ஊர்களில் பாட்டிமார் வழங்கும் சொற்களை அகர வரிசையில் எழுதி வருகிறோம். சாமை, தினை முதலியவற்றின் வகைகள், மரங்கள், கிழங்குகள், உறவுமுறைப் பெயர்கள், மழையின் பெயர்கள் என்று விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் கேட்டு வர வேண்டும். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளும் சேர்ந்துள்ளார்கள். நாங்கள் மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதிவிட்டுச் சென்றதும் நோட்டு அவர்களிடம் போகும். உயிரெழுத்துகள் முடிந்து, இப்போது ககர வரிசையில் இருக்கிறோம். கடுக்காய்க்கு மட்டும் ஒரு முழுப்பக்கம் ஆகிவிட்டது.